எல்லைக்கோட்டில் நின்றுவிடும் பாதுகாப்பு

ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் ஆண்டுக்கு நூறு நாள் வேலை கேட்டுப் பெறும் உரிமை உடையதா, இல்லையா என்பதை அந்தக் குடும்பத்தின் வருமானம் தீர்மானிப்பதில்லை. அதற்குச் சொந்த நிலம் இருக்கிறதா, அந்த ஆண்டு மழை பெய்ததா என்பவையும் தீர்மானிப்பதில்லை. அதன் வீடு ஊராட்சிக்குள் இருக்கிறதா, பேரூராட்சிக்குள் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது.

திண்டுக்கல்லில் இருந்து கரூர் செல்லும் வழியில், சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில், குடகனாற்றங்கரையில் இருக்கிறது தாடிக்கொம்பு. சிற்ப அழகுக்குப் பெயர்பெற்ற சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் வெளியூராருக்கு அறிமுகமான ஊர். ஊரைச் சுற்றிலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் மானாவாரி நிலங்களும் இருக்கின்றன. அதை ஒட்டிய அகரமும் பேரூராட்சிதான். அதே சமவெளியில் உள்ள வேடசந்தூர், எரியோடு, வடமதுரை, அய்யலூர், பாளையம் ஆகியவையும் பேரூராட்சிகளே. இந்த ஊர்கள் தோற்றத்தில் பாதி கிராமம், பாதி நகரம். வேலை உறுதிச் சட்டத்தின் பார்வையிலோ முழு நகரம்.

பொருளாதாரப் பாதுகாப்பும் சமூகநலக் கொள்கையும் இன்று முனைவர் பட்ட ஆய்வுக்குரிய முக்கியமான பொருள்கள். இதே மாவட்டத்தில் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில், ஊரக உயர்கல்விக்கென 1956-இல் உருவான நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தைப் பாடமாகக் கொண்ட உயர்கல்விக்கு இந்த மண்ணில் நெடிய மரபு உண்டு. தமிழகப் பல்கலைக்கழகம் ஏதேனும் ஒன்றில் இருந்து ஆய்வு மாணவர் ஒருவர் தாடிக்கொம்புக்குக் களப்பணிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் எதைக் கேட்க வேண்டும்?

எந்தத் திட்டம் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கணக்கெடுப்பது எளிது. அதை அரசே செய்கிறது. யாருக்கு, எந்தக் கோட்டினால் கிடைக்கவில்லை என்று கேட்பதே ஆய்வாளரின் பணி. சமூகநலத் திட்டங்களில் தமிழகம் வெகுதூரம் வந்துவிட்டது. எஞ்சியுள்ள குறைகளில் பல, இத்தகைய கோடுகளின் ஓரத்தில்தான் கண்ணில் படாமல் கிடக்கின்றன.

வறுமையும் பாதுகாப்பின்மையும்

பொருளாதாரப் பாதுகாப்பு என்பதை வறுமை ஒழிப்பின் மறுபெயராகக் கருதும் வழக்கம் உண்டு. இரண்டும் வேறு. நல்ல மாதத்தில் வறுமைக் கோட்டுக்கு மேலே நிற்கும் குடும்பம், ஒரு மருத்துவச் செலவிலோ பருவமழை பொய்த்த ஓர் ஆண்டிலோ கீழே விழுந்துவிடலாம். அடுத்த மாதம் கையில் எவ்வளவு வரும் என்பதை ஓரளவேனும் முன்கூட்டிச் சொல்ல முடிவதும், கெட்ட காலத்தைக் கடனில் மூழ்காமல் கடக்க முடிவதுமே பாதுகாப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2004-இல் வெளியிட்ட பொருளாதாரப் பாதுகாப்பு குறித்த அறிக்கை, அதை வருமானத்தோடு நிறுத்தாமல் ஏழு வகையாகப் பிரித்தது. வேலை கிடைக்கும் வாய்ப்பு, திடீர்ப் பணிநீக்கத்திலிருந்து காப்பு, பணியிடத்தில் உடல்நலம், திறன் பெறும் வழி, தொழிலாளரின் குரல் ஒலிக்க அமைப்பு என அதன் பட்டியல் நீள்கிறது.

'பொருளாதாரப் பாதுகாப்பு' என்ற சொல் அரசு நிர்வாகத்தில் பெரிதாக இடம்பிடித்தது அமெரிக்காவில். பெருமந்தக் காலத்தில், 1934-இல், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இப்பெயரிலேயே ஒரு குழுவை அமைத்தார். தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அதன் விளைவாக 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உலகம் போற்றிய அந்தச் சட்டத்தின் முதியோர் காப்பீட்டில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்வோருக்கும் இடமில்லை. தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இவ்விரு வேலைகளிலேயே இருந்தனர். 1950-களில் கொண்டுவரப்பட்ட திருத்தங்களுக்குப் பிறகே அவர்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டனர். சட்டத்தின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வரையறைப் பிரிவில் உள்ள ஒரு சொல் பல லட்சம் பேரை வெளியே நிறுத்திவிட முடியும் என்பதற்கு இது பழைய சான்று.

திண்டுக்கல் சமவெளிக்கு இந்தப் பாடம் அன்னியமானதன்று. இங்கு விவசாய வேலை ஆண்டு முழுவதும் சீராகக் கிடைப்பதில்லை. விதைப்பிலும் களையெடுப்பிலும் அறுவடையிலும் குவிந்து, இடைப்பட்ட மாதங்களில் வற்றிவிடுகிறது. குடகனாறு எப்போதும் நீரோடும் ஆறன்று. கிணறும் ஆழ்குழாய்க் கிணறுமே கதி. விவசாயத்துக்கு மாற்றாக நூற்பாலைகள் உண்டு. ஆனால், அவை பெரிதும் நாடுவது இளம் வயதினரை. நடுத்தர வயதைக் கடந்த பெண்ணுக்கு அங்கே கதவு எளிதில் திறப்பதில்லை. திண்டுக்கல்லின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற பூட்டுத் தொழில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால், ஒருகாலத்தில் அது தாங்கிய குடும்பங்களின் எண்ணிக்கையை இன்று தாங்கவில்லை.

வேலையில்லாத மாதங்களை இக்குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன? பெரும்பாலும் கடனால்தான். நகைக்கடன், கைமாற்று, வாரத் தவணையில் கட்டும் குழுக்கடன் என ஒன்றை அடைக்க மற்றொன்று வாங்கப்படுகிறது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தமிழக சட்டப்பேரவை 2025-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வசூலிக்க வருபவரின் அடாவடியை அந்தச் சட்டம் தடுக்கலாம். கடன் வாங்க வைக்கும் வெற்று மாதங்களை அதனால் நிரப்ப முடியாது.

கோடு இல்லாத இடத்தில்

தமிழகத்தின் சமூகநல வரலாற்றில் பெரிய வெற்றிகள், கோடு போடாத அல்லது போட்ட கோட்டை அழித்த இடங்களில் கிடைத்தவை. 1997-இல் மத்திய அரசு ரேஷன் முறையை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் எனப் பிரித்தபோது, தமிழகம் அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. தகுதியைச் சோதிக்கும் அதிகாரி இல்லாத இடத்தில், தகுதி இருந்தும் விடுபடும் ஏழை இருப்பதில்லை.

காலை உணவுத் திட்டத்தின் வளர்ச்சியையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அத்திட்டம், 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. நகர்ப்புறத்தின் உதவிபெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தன. பசியில் ஊரகம், நகரம் என்ற வேறுபாடு இல்லை என்பதை ஏற்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எனினும், அந்தக் கோடு அழிக்கப்பட்டது. அரசு மனம் வைத்தால் எல்லை இளகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழகத்தில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இதில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய் மட்டுமே. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது உயரவில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. குடும்ப வருமானம், நில அளவு, மின்பயன்பாடு போன்ற வரம்புகள் அதற்கு உண்டு. ஆனால், ஊராட்சியா பேரூராட்சியா என்ற வரம்பு இல்லை. இவை இரண்டும் தாடிக்கொம்புக்கும் பொருந்துபவை. பொருந்தாதது வேலை உறுதி. மூன்றிலும் பெரிய தொகை அதில்தான் இருக்கிறது.

2025-26-இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். ஓர் ஆண்டின் உரிமைத் தொகை 12,000. முதியோர் ஓய்வூதியம் 14,400. இரண்டையும் கூட்டினாலும் 26,400 ரூபாய்தான். நூறு நாளும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது உண்மை. நாடளாவிய சராசரி ஐம்பது நாள்களை ஒட்டியே இருந்துவருகிறது. ஐம்பது நாள் என்று வைத்தாலும் 16,800 ரூபாய். எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் ஊராட்சியில் குடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இந்தத் தொகையை, இப்பால் இருக்கும் பேரூராட்சிக் குடும்பம் ஒவ்வோர் ஆண்டும் இழக்கிறது. இருவரும் ஒரே தோட்டத்தில் களையெடுப்பவர்களாக இருக்கலாம்.

2006-இல் நேர்ந்தது

இந்த நிலை எப்படி உருவாயிற்று என்பதை அறிய இருபது ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2004-இல் தமிழக அரசு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்பு ஊராட்சி'களாக மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கென மத்திய அரசு ஒதுக்கும் நிதி இவ்வூர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 பிப்ரவரி 2-இல் நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் முதல் கட்டமாகத் தேர்வான ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. சில மாதங்களிலேயே, ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2006 ஜூலையில், சிறப்பு ஊராட்சிகள் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின.

அச்சட்டம் 'ஊரகப் பகுதி' என்பதை வரையறுக்கும்போது, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளும் கண்டோன்மென்ட் வாரியங்களும் நீங்கலான பகுதி என்று சொல்கிறது. இதனால், ஊரின் தொழில் மாறாமலேயே பெயர்ப்பலகை மாறியதால், இவ்வூர்களின் உழைப்பாளிகள் நாட்டின் மிகப் பெரிய வேலை உறுதிக்கு வெளியே நின்றார்கள்.

அரசமைப்புச் சட்டம் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 74-ஆவது திருத்தத்தின் வழி வந்த 243க்யூ பிரிவு, ஊரகத்தில் இருந்து நகரமாக 'மாறிக்கொண்டிருக்கும் பகுதி'க்கென ஓர் அமைப்பைச் சொல்கிறது. அப்பகுதியை அடையாளம் காண மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, வருவாய் ஆகியவற்றுடன் விவசாயம் சாரா வேலைகளில் உள்ளோரின் விகிதத்தையும் கருதச் சொல்கிறது. அதாவது, மாறிவரும் ஊர் இன்னும் முழுமையாக மாறிவிடவில்லை என்பதை அரசமைப்பே ஏற்கிறது. தமிழகத்தில் பேரூராட்சிகள் பல காலமாக வருவாயின் அடிப்படையிலேயே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை எனத் தரம் பிரிக்கப்பட்டுவந்துள்ளன. ஓர் உள்ளாட்சி அமைப்பின் வரி வருவாய் உயர்வதால், அங்கு வாழும் கூலித் தொழிலாளியின் வருவாய் உயர்ந்துவிட்டதாகப் பொருளில்லை.

இதன் பொருளாதாரத்தை மக்கள் நன்கு அறிவார்கள். 2025 தொடக்கத்தில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளுடன் இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகங்களின் முன் மனுக்களுடன் மக்கள் திரண்டார்கள். வீட்டு வரி உயரும் என்ற அச்சத்துக்கு இணையாக, நூறு நாள் வேலை போய்விடும் என்ற அச்சமும் அம்மனுக்களில் இருந்தது. நகரமாவதை வளர்ச்சி என்று கருதிய காலம் போய், நகரமாக்கிவிடாதீர்கள் என்று உழைப்பாளிகள் மன்றாடும் நிலை வந்திருப்பது, கொள்கை வகுப்போர் சிந்திக்க வேண்டிய செய்தி.

புள்ளிவிவரத்தில் மறையும் ஊர்

நம் ஆய்வு மாணவர் களத்துக்கு வரும் முன், வழக்கம்போல் அரசின் தரவுகளைத் தேடுவார். அங்கேயே முதல் தடை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சட்டப்படி அமைந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்தையும் 'நகர்ப்புறம்' என்ற பட்டியலில் சேர்க்கிறது. தேசிய மாதிரி ஆய்வுகளும் அந்தப் பகுப்பையே பின்பற்றுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகையில் 48 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். இந்தியாவின் பெரிய மாநிலங்களில் மிக அதிகமாக நகரமயமானது என்று இதைப் பெருமையுடன் மேற்கோள் காட்டுகிறோம். அந்த 48 விழுக்காட்டில் சென்னையின் மென்பொருள் பொறியாளரும் தாடிக்கொம்பின் களையெடுக்கும் பெண்ணும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இருவரின் வருமானத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால், நகர்ப்புறத் தமிழகத்துக்கு வேலை உறுதி தேவையில்லை என்றே தோன்றும்.

எல்லைக்கோடு உதவியைத் தடுப்பதோடு நிற்காமல், உதவி தேவைப்படுகிறது என்பதற்கான சான்றையும் சேர்த்து மறைக்கிறது. தரவில் தெரியாத துன்பம் கொள்கைக் கோப்பில் இடம்பெறுவதில்லை. எனவேதான், இத்தகைய ஊர்களில் வீடு வீடாகச் சென்று, ஆண்டின் பன்னிரண்டு மாதமும் குடும்ப வருமானம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவுசெய்யும் கள ஆய்வுக்கு மாற்று இல்லை. அந்த ஆய்வைச் செய்யக் கால அவகாசமும் ஊன்றி நிற்கும் பொறுமையும் உடையவர் முனைவர் பட்ட ஆய்வாளரே. அதைச் செய்யும் பொருளாதார நிலையில் அவர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

ஆய்வாளரின் பாதுகாப்பு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகள்; அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய். இது சிலருக்குக் கிட்டும் கனி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்த உதவித்தொகை கிடைக்காத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு உண்டு. பத்தாண்டுக்கும் மேலாக அத்தொகை உயரவில்லை. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த முடிவெடுக்கப்பட்டு, நாடெங்கும் மாணவர் போராட்டம் வெடித்த பிறகே அது தொடர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பதிவுசெய்யும் பலருக்கு அந்த எட்டாயிரமும் இல்லை.

எட்டாயிரம் ரூபாய் எவ்வளவு என்பதற்கு ஓர் ஒப்பீடு: நூறு நாள் வேலையின் 336 ரூபாய்க் கூலியை 26 நாள்களுக்குக் கணக்கிட்டால் 8,736 ரூபாய் வருகிறது. சமூகப் பாதுகாப்பை ஆராயும் முழுநேர ஆய்வாளருக்கு நாடு நிர்ணயித்திருக்கும் மாதத் தொகை, தான் ஆராயும் கூலித் தொழிலாளியின் குறைந்தபட்ச நாள்கூலிக்கும் கீழே இருக்கிறது. அதுவும் மாதந்தோறும் வருவதில்லை. உதவித்தொகைகள் மாதக்கணக்கில் தாமதமாவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. ஆய்வாளர் சட்டப்படி ஊழியர் அல்லர் என்பதால் வருங்கால வைப்பு நிதியோ, தொழிலாளர் அரசுக் காப்பீடோ கிடையாது. வழக்கமான மாணவரும் அல்லர். முப்பது வயதை நெருங்கும்போது குடும்பப் பொறுப்பு தோளில் ஏறியிருக்கும். பேரூராட்சி கிராமமும் இல்லாமல் நகரமும் இல்லாமல் நிற்பதைப் போலவே, இவரும் இரு வரையறைகளுக்கு இடையே நிற்கிறார்.

ஆய்வாளர்மீது இரக்கம் காட்டச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இதன் விலையைச் சமூகமே கொடுக்கிறது. இளநிலை உதவித்தொகை பெறும் கலை, சமூக அறிவியல் ஆய்வாளருக்கே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதர செலவினங்களுக்கென ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான் ஒதுக்கப்படுகிறது. பயணம், படி எடுத்தல், உதவியாளர் எல்லாம் அதற்குள். இருநூறு வீடுகளுக்கு ஓராண்டில் நான்கு முறை செல்ல அது போதுமா? போதாதபோது, ஆய்வு ஒரு வாரக் களப்பணியும் நூறு வினாத்தாள்களுமாகச் சுருங்கும். 'பயனாளிகளில் பெரும்பாலோர் திட்டத்தால் மனநிறைவு அடைந்துள்ளனர்' என்ற முடிவோடு இன்னொரு ஆய்வேடு நூலக அலமாரியில் சேரும். பயன் பெறாதவரைத் தேடிச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாத ஆய்வு, பயனாளிகளை மட்டுமே சந்தித்துத் திரும்புகிறது.

தமிழக அரசு முழுநேர முனைவர் பட்ட ஆய்வில் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்குகிறது. முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் 25,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உண்டு. இரண்டும் வரவேற்கத்தக்கவை. எண்ணிக்கையில் இவை தமிழகத்தில் பதிவுசெய்துள்ள ஆய்வாளர்களின் ஒரு சிறு பகுதியையே எட்டுகின்றன.

மறுப்புகளும் விடைகளும்

பேரூராட்சிகளுக்கு வேலை உறுதி வேண்டும் என்றால் எழும் மறுப்புகள் மூன்று. முதலாவது, பேரூராட்சிக்கு நகர்ப்புற நிதி கிடைக்கிறதே என்பது. கிடைக்கிறது, சாலையும் குடிநீரும் தெருவிளக்கும் அதனால் மேம்படுகின்றன. ஆனால், தெருவிளக்கு வெளிச்சத்தில் வேலையில்லாத மாதம் கழிந்துவிடாது. ஊரின் வசதியும் குடும்பத்தின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகாதவை.

இரண்டாவது, நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற விவசாயிகளின் குறை. அதில் உண்மை உண்டு. விதைப்பு, அறுவடைக் காலங்களைத் தவிர்த்து, வேலை வற்றும் மாதங்களில் பணிகளைத் திட்டமிடுவதே அதற்கு வழி. ஆண்டின் எந்த மாதங்களில் வேலை வற்றுகிறது என்ற ஊர்வாரிக் கணக்கு அதற்குத் தேவை. மேலே சொன்ன கள ஆய்வு தரக்கூடியது அதைத்தான்.

மூன்றாவது, நிதி. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழகத்தில் 490 பேரூராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரம் குடும்பங்கள் நூறு நாளும் வேலை கேட்பதாக, ஒரு கணக்குக்காக, எடுத்துக்கொள்வோம். ஒரு பேரூராட்சிக்குக் கூலிச் செலவு 3 கோடியே 36 லட்சம் ரூபாய். மாநிலம் முழுமைக்கும் சுமார் 1,646 கோடி. கட்டுமானப் பொருள்களுக்கு நூறு நாள் வேலையில் உள்ள 60:40 விகிதத்தைப் பின்பற்றினால் மொத்தம் ஏறத்தாழ 2,740 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இது வருகிறது. நடைமுறையில் எல்லோரும் நூறு நாளும் கேட்பதில்லை என்பதால் உண்மைச் செலவு இதில் பாதியாகவே இருக்கக்கூடும். சிறிய தொகை என்று சொல்வதற்கில்லை. எட்ட முடியாத தொகையும் இல்லை.

முன்னுதாரணங்களுக்கும் குறைவில்லை. கேரளம் 2010-லேயே அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான் 2022-இல் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு நூறு நாள் வேலையை அறிவித்து, அடுத்த ஆண்டு குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டமும் இயற்றியது. தமிழகத்திலும் கரோனா காலத்தில் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. 2021-இல் 100 கோடி ரூபாயில் முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் மாவட்டத்துக்கு ஒன்றாக 37 பேரூராட்சிகளுக்கு இடமளிக்கப்பட்டது. திட்டம் இருந்தது, சட்ட உரிமை இல்லை. முன்னோடித் திட்டத்தில் வேலை கிடைத்தால் நன்மை. கிடைக்காவிட்டால் கேட்பதற்கு இடமில்லை.

இதற்கிடையே, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் மகாத்மா காந்தி பெயரிலான சட்டத்துக்கு மாற்றாகப் புதிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நாள்கள் 125 ஆக உயர்கின்றன. செலவில் மாநிலங்கள் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். புதிய சட்டமும் ஊரகத்துக்கே உரியது. எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள இடைவெளி 100 நாளில் இருந்து 125 நாளாக விரிகிறது என்பதே தாடிக்கொம்புக்கு அதன் பொருள். கூலிச் செலவை மத்திய அரசே ஏற்றிருந்த காலத்தில், பேரூராட்சிகளுக்குத் தனியாகச் செலவிட மாநிலம் தயங்கியதில் நிதி சார்ந்த நியாயம் இருந்தது. ஊரகத்துக்கும் பங்கு செலுத்தத்தான் வேண்டும் என்றாகிவிட்ட பின், அருகில் இருக்கும் பேரூராட்சியின் உழைப்பாளியை மட்டும் விட்டுவிடுவதற்கு நியாயம் குறைகிறது.

செய்ய வேண்டியவை

பேரூராட்சிகளை மறுபடியும் ஊராட்சிகளாக்குவது தீர்வாகாது. 2004-க்கும் 2006-க்கும் இடையே அதைச் செய்து பார்த்தாயிற்று. ஆட்சி மாறினால் பலகையும் மாறும். உரிமை ஊரின் பெயரோடு ஒட்டாமல் உழைப்பவரின் தொழிலோடு ஒட்ட வேண்டும். விவசாயக் கூலியை நம்பி வாழும் குடும்பம் எந்த உள்ளாட்சியில் இருந்தாலும் வேலை கேட்கும் உரிமை உடையது என்று மாநிலச் சட்டம் சொல்ல வேண்டும். முதலில் பேரூராட்சிகளிலும், பின்னர் நகராட்சிகளின் ஓரப் பகுதிகளிலும் அதைச் செயல்படுத்தலாம்.

அதுவரை, ஊராட்சி ஒன்றை நகர்ப்புறத்துடன் இணைக்கும்போது, அங்கு ஏற்கெனவே வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதே அளவு வேலையை மாநிலம் உறுதிசெய்ய வேண்டும். இணைப்பால் கிடைக்கும் கூடுதல் வரி வருவாயில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவது நியாயமே.

மூன்றாவதாக, அரசின் புள்ளியியல் துறை பேரூராட்சிகளைத் தனிப் பிரிவாகக் காட்டும் தரவை வெளியிட வேண்டும். அதற்கு இணையாக, சமூகநலக் கொள்கை குறித்த முனைவர் பட்ட ஆய்வுகளுக்குக் களப்பணி நிதி என்று தனியே ஓர் ஒதுக்கீடு தேவை. திட்டங்களை மதிப்பிடத் தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்குச் செலவிடும் அரசு, அந்தந்த மாவட்டத்தின் ஆய்வாளர்களை இரண்டு ஆண்டுகள் களத்தில் நிறுத்தினால், மலிவாகவும் ஆழமாகவும் விடை பெறலாம். மக்கள் பேசும் மொழியை அறிந்தவர்களும், எந்தத் தெரு எந்த எல்லைக்குள் வருகிறது என்று தெரிந்தவர்களும் அவர்களே.

1962-இல் இருபது ரூபாய் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது தமிழகம் பணக்கார மாநிலமாக இருக்கவில்லை. விடுபட்டவர் யார் என்று அடுத்தடுத்து வந்த அரசுகள் கேட்டுக்கொண்டே வந்ததால்தான் இன்றைய நிலையை எட்டினோம். அந்தக் கேள்வியை இப்போது பேரூராட்சி எல்லையில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கத் தெரிந்த ஆய்வாளரும் வேண்டும். விடையைச் செவிமடுக்கும் அரசும் வேண்டும்.